கடிவாளம் பிடிக்கும் கை: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் 'டிரெஸாஜ்' எனப்படும் செவ்வியல் குதிரைப் பயிற்சியைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு, மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்துள்ளன. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குப் பழக்குதல், பயிற்றுதல் என்றுதான் பொருள். ஆனால் எப்படிப் பழக்குவது என்பதைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வாதம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. ஒரே பொருளைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் மேளத்துக்கு ஏற்ப நாட்டியக் குதிரை நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆடியது. பாரிஸ் ஒலிம்பிக் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அந்தக் குதிரைகளும் ஏறக்குறைய அதையேதான் செய்தன. எங்கள் ஊர்க் குதிரைக்கும் ஒரு பதக்கம் கொடுத்தால் என்ன?
*– மேலூர் வாசகர் ஒருவர்*

கேள்வியில் உள்ள கிண்டலை ரசித்தேன். அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்த அசைவுக்குப் 'பியாஃப்' என்று பெயர். வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து எழும்; அவை தரையில் இறங்கும்போது மற்ற இரண்டும் எழும்; குதிரை முன்னேறாமல், அல்லது விரற்கடை அளவே நகர்ந்து, ஓட்டநடையின் தாளத்தை நின்ற இடத்திலேயே காட்டும். இதை எந்த மனிதனும் கண்டுபிடிக்கவில்லை. லாயத்தில் அடைபட்டிருந்த ஆண் குதிரையை, தொலைவில் பெட்டைக் குதிரை கனைக்கும் வேளையில் வெளியே கொண்டுவந்து பாருங்கள். ஓடத் துடிக்கும் வேகமும் ஓட விடாத கயிறும் சேர்ந்து, அது தானாகவே இப்படி ஆடும். குதிரை தன் மகிழ்ச்சிக்காகத் திறந்த வெளியில் செய்வதை, முதுகில் ஒரு மனிதனைச் சுமந்துகொண்டும் அதே எளிமையோடு செய்யும் அளவுக்கு அதன் உடலை ஆண்டுக்கணக்கில் வலுப்படுத்துவதே செவ்வியல் மரபின் வேலை.

வேறுபாடு காலில் தெரியாது, இடுப்பில் தெரியும். சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்கால்களின் மேல் இருக்கிறது. ஆள் ஏறினால் முன்பக்கச் சுமை இன்னும் கூடும். முறையாகப் பழகிய குதிரை, பின்கால்களின் மூட்டுகளை மடக்கி வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து, மணையில் அமரப்போகிறவரைப் போலப் பின்னுடலைச் சற்றுத் தாழ்த்தி அந்தச் சுமையைப் பின்னால் வாங்கிக்கொள்கிறது. அப்போது முதுகு மேலெழுந்து அசையும், வால் தளர்ந்து ஊசலாடும், வாய் மெல்ல அசைபோடும். மாறாக, தலையை வாரால் உயரத் தூக்கிப் பிடித்து, கால்களைக் குச்சியால் தட்டித் தட்டிப் பழக்கிய குதிரையின் முதுகு தொட்டில் துணிபோலக் குழிந்திருக்கும். பின்கால்கள் உடலுக்கு வெளியே விலகி நிற்கும். வால் இறுகியிருக்கும் அல்லது ஓயாமல் விசிறும். கால்கள் மட்டும் மேளத்தோடு ஒத்துப்போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆட்டம் முடிந்து வேப்பமர நிழலில் நின்ற ஒரு வெள்ளைக் குதிரையை அருகில் சென்று பார்த்தேன். வாயிலிருந்து இறங்கிய எச்சில் நூல் இளஞ்சிவப்பாக இருந்தது. உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, கடைவாய் ஓரமாகக் கட்டைவிரலை நுழைத்தேன். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி குதிரைக்கு உண்டு. கடிவாளத்தின் இரும்பு தங்குவது அங்கேதான். எலும்பின் மேல் மெல்லிய தோல் மட்டுமே இருக்கும் அந்த இடத்தில் பழைய தழும்புகளும் அன்றைய புதுப் புண்ணும் விரலுக்குத் தட்டுப்பட்டன. கடிவாளத்தில் முட்கள் இருந்தன. அந்த மனிதர் கொடியவர் அல்லர். தான் சாப்பிடும் முன் குதிரைக்குக் கொள்ளு வைப்பவர். "எங்கப்பா காலத்திலிருந்து இதைத்தானுங்க போடுறோம், இது இல்லேன்னா நிக்காது" என்றார். முள் கடிவாளத்தை 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளே தடைசெய்துவிட்டன என்பது அவருக்கு அதுவரை தெரியாது. வலிக்குப் பயந்து தலையைத் தூக்கும் குதிரைக்கு இன்னும் கூரான இரும்பைப் போட்டால், அது தலையை இன்னும் உயரத்தான் தூக்கும்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் படைத்தலைவர் செனஃபோன், கட்டாயத்தால் குதிரை செய்யும் காரியத்தை அது புரிந்துகொண்டு செய்வதில்லை என்றும், சாட்டையால் அடித்து ஆடவைத்த கூத்தனிடம் எவ்வளவு அழகு இருக்குமோ அவ்வளவுதான் அதிலும் இருக்கும் என்றும் எழுதிவைத்தார். மேலூர்க் குதிரைக்குப் பதக்கம் உண்டா இல்லையா என்பதை அடுத்த திருவிழாவில் நீங்களே முதுகையும் வாலையும் வாயையும் பார்த்து முடிவு செய்யுங்கள். முள்ளில்லாத கடிவாளத்தோடு, வாரைத் தளரவிட்டு ஆடவைக்கும் பொறுமைசாலிகளையும் நம் பக்கத்தில் நான் கண்டிருக்கிறேன். எண்ணிக்கையில் அவர்கள் சிலரே.

சாட்டை இல்லாமல் குதிரை பழகுமா?
*– பள்ளி மாணவர், உசிலம்பட்டி*

பழகும். ஆனால் செவ்வியல் பயிற்சியாளர்களும் நீண்ட மெல்லிய கோல் ஒன்றை வைத்திருப்பார்கள் தம்பி. ஆசிரியர் கரும்பலகையில் எழுத்தைச் சுட்டுவதைப் போல, எந்தக் காலை எடுக்க வேண்டும் என்பதை அதனால் தொட்டுக் காட்டுவார்கள். சுட்டும் கோல் அடிக்கும் கோலாக மாற ஒரு நொடி போதும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் முன்பே, பயிற்சியில் ஒரு குதிரையின் கால்களில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்த காணொளி வெளியானதால், பல பதக்கங்கள் வென்ற வீராங்கனை ஒருவர் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. ஆகவே நம் ஊர் முரடு, அவர்கள் ஊர் மென்மை என்று பிரித்துப் பார்க்கவும் வேண்டாம்.

குதிரைக்கு 'ஐந்து கதியும் பதினெட்டுச் சாரியும்' உண்டு என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அவற்றுக்கும் நீங்கள் எழுதிய ஐரோப்பிய முறைக்கும் தொடர்பு உண்டா?
*– தமிழாசிரியை, சோழவந்தான்*

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபின் இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. மயூரகதி, வானரகதி, மல்லகதி என்று பெயரிட்டவர்கள் வேகத்தை அளக்கவில்லை, நடையின் குணத்தைப் பார்த்திருக்கிறார்கள். மயில் அடியெடுத்து வைக்கும்போது காலை உயர்த்தி ஒரு கணம் நிறுத்துவதைக் கவனித்தவர்களுக்கு, மயூரகதி எப்படிப்பட்ட நடை என்று விளக்கத் தேவையில்லை. சாரி என்பது வட்டமாகச் செலுத்துவது. இடப்பக்கம் சுற்றினால் இடசாரி, வலப்பக்கம் சுற்றினால் வலசாரி. இன்றும் உலகின் எந்தப் பயிற்சிக்கூடத்துக்குச் சென்றாலும், முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை குதிரை செய்வது இந்த இரண்டையும்தான். அர்த்தசாத்திரமும் குதிரை நடைகளை வகைப்படுத்தும்போது வட்டமாகச் செல்வதற்கு ஒரு பெயர் தருகிறது. சைகைக்கு ஏற்ப நடப்பதையும் தனி வகையாக எண்ணுகிறது.

ஐரோப்பியப் பரம்பரை வேறு வழியில் வந்தது. செனஃபோனுக்குப் பின் நீண்ட இடைவெளி விட்டு, 1550ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் நகரத்தில் கிரிஸோனே என்பவரின் நூல் அச்சேறியது. அதில் கலையும் இருந்தது, கொடுமையும் குறைவில்லாமல் இருந்தது. பிரான்ஸில் இளம் அரசன் பதின்மூன்றாம் லூயிக்குக் கற்பித்த புளுவினெல், தண்டிப்பதில் கஞ்சனாகவும் தட்டிக்கொடுப்பதில் தாராளமாகவும் இருக்கும் வழிக்குத் திருப்பினார். பதினெட்டாம் நூற்றாண்டில் கெரினியேர் அதை ஒழுங்கான பாடமுறையாக்கினார். 1572 முதல் வரலாறு சொல்லும் வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளி அந்த முறையை இன்றும் கைவிடாமல் வைத்திருக்கிறது. அங்கே பயன்படும் லிப்பிசானர் குதிரைகளின் முன்னோர் ஸ்பெயினிலிருந்து வந்தமையால்தான் ஆஸ்திரியப் பள்ளிக்கு அந்தப் பெயர். 2015இல் யுனெஸ்கோ அதன் கலையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

சாரியும் வியன்னாவும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். 'எல்லாம் நம்மிடமிருந்து போனது' என்ற பேச்சில் எனக்கு ருசி இல்லை. குதிரையின் உடல் எங்கும் ஒன்றே ஆகையால், அதைக் கூர்ந்து பார்த்தவர்கள் வட்டத்தைக் கண்டடைந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல்கடந்து வாங்கினார் என்றும், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சவில்லை என்றும், பேணத் தெரியாததே காரணம் என்றும் எழுதினார். பயணியின் கணக்கில் மிகை இருக்கலாம். ஆயினும் நிகண்டில் கதிகளின் பெயர்கள் இருக்க, லாயத்தில் குதிரைகள் செத்துக்கொண்டிருந்தன என்பது யோசிக்க வேண்டிய செய்தி.

அந்தியூர் சந்தையில் இரண்டரை வயது என்று சொல்லி ஒரு கத்தியவார் ஆண் குதிரை வாங்கினேன். உடனே ஏறிப் பழக்காவிட்டால் திமிர் பிடித்துவிடும் என்கிறார்கள். எப்போது ஏறலாம்?
*– திருமங்கலம் வாசகர்*

நரியைப் பரியாக்கிய கதையை ஆவணித் திருவிழாவில் ஆண்டுதோறும் பார்க்கிற ஊர்க்காரர் நீங்கள். சந்தையில் பரியாக இருந்தது வீட்டுக்கு வந்ததும் நரியாகிவிடாமல் முதலில் வயதைச் சரிபாருங்கள். கீழ் உதட்டை மெல்ல விலக்கினால் முன்பற்கள் ஆறு தெரியும். நடுவில் உள்ள இரண்டு மட்டும் அகலமாகவும் மஞ்சள் பாய்ந்தும், பக்கத்துப் பற்கள் சிறிதாகவும் பால் வெள்ளையாகவும் இருந்தால் வயது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடைப்பட்டது. அடுத்த இரண்டு மூன்றரை வயதுவாக்கிலும், ஓரத்துப் பற்கள் நாலரை வயதுவாக்கிலும் மாறும்.

நண்பர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். காலெலும்புகள் சீக்கிரம் முதிர்ந்தாலும், நீங்கள் உட்காரப்போகும் முதுகெலும்பின் வளர்முனைகள் மூடுவதற்கு ஐந்தரை, ஆறு வயதாகிவிடும். வியன்னாவில் நான்கு வயதை ஒட்டித்தான் பயிற்சியே தொடங்குகிறது. முழுப் பயிற்சிக்கு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பிடிக்கின்றன. நான்கு வயதுவரை உங்களுக்குச் செய்ய வேலை இல்லை என்று எண்ண வேண்டாம். தலைக்கயிற்றில் உங்கள் தோளுக்கு இணையாக நடக்கவும், நின்றால் நிற்கவும், நான்கு குளம்புகளையும் தூக்கிக் கொடுக்கவும், லாரி ஒலிப்பானுக்கும் பறக்கும் சாக்குக்கும் மிரளாதிருக்கவும் இப்போதே பழக்கலாம். மூன்று வயதுக்குப் பின், நீளக் கயிற்றில் இருபது மீட்டர் அகல வட்டத்தில், ஒவ்வொரு பக்கமும் ஐந்தாறு நிமிடம் மட்டும் நடையும் ஓட்டநடையும் பழக்கலாம். சிறிய வட்டம் இளங்கால்களை முறுக்கிவிடும்.

நான்கு வயதுக்குப் பின் ஏறும்போது, உங்கள் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 300 கிலோ குதிரை என்றால் 60 கிலோ. உங்கள் எடையைக் கடிதத்தில் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் ஆண்டு முழுக்க அதன் இயல்பான கழுத்து நிலையில் நேராக முன்னோக்கிச் செலுத்துங்கள். ஜெர்மானியர் வகுத்த படிவரிசையில் தாளம் முதலில் வருகிறது, அதன்பின் உடல் தளர்வு, கையோடு மென்மையான தொடுகை, பின்கால்களின் உந்துதல், நேர்நடை, கடைசியாகத்தான் உடலைத் திரட்டிக்கொள்ளுதல், அதாவது முன்சுமையைப் பின்கால்களில் வாங்கிக்கொள்ளுதல். நம் ஊரில் பெரும்பாலோர் கழுத்தை வளைத்துக் கடைசிப் படியில் தொடங்குகிறார்கள்.

பன்னிரண்டு வயது மகளைக் குதிரையேற்றப் பயிற்சிக்கு அனுப்புகிறேன். மூன்று மாதமாகக் கடிவாள வாரையே கையில் கொடுக்கவில்லை. கால் வைக்கும் அங்கவடியையும் கழற்றிவிட்டு, கயிற்றில் வட்டம் சுற்றவைக்கிறார்கள். கட்டிய பணம் வீண்தானா?
*– தாய் ஒருவர், நாகமலை புதுக்கோட்டை*

அந்தப் பயிற்சியாளரை விட்டுவிடாதீர்கள். வியன்னாவில் சேரும் மாணவர்களும் பல மாதங்கள் இப்படித்தான், அங்கவடியும் வாரும் இல்லாமல், பழகிய குதிரையின் மேல் வட்டம் சுற்றுகிறார்கள். காரணம் எளிது. உட்காரத் தெரியாதவர் தடுமாறும்போதெல்லாம் கையில் உள்ள வாரைப் பிடித்துத் தொங்குவார். அந்தத் தொங்கலின் மறுமுனை, நான் மேலே எழுதிய அந்தப் பல்லில்லாத எலும்பின் மேல் இருக்கிறது. குதிரையின் அசைவோடு இடுப்பு தானாக இணைந்தபிறகே கை அசையாமல் நிற்கும். உள்தொடை வலிக்கிறது என்று மகள் சொன்னால் நல்ல அறிகுறி. தோள் வலிக்கிறது என்றால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், எங்கோ இறுகுகிறாள்.

பெண்பிள்ளைக்கு எதற்கு இது என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வியன்னாப் பள்ளி 2008இல்தான் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தது. அந்தத் தாமதம் அவர்களுக்குப் பெருமை இல்லை. 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் டிரெஸாஜ் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பின் வந்த அந்தத் தங்கத்தை வென்ற நால்வரில் சுதிப்தி ஹஜேலா, திவ்யாகிருதி சிங் ஆகிய இருவர் பெண்கள். அதே குழுவில் இருந்த அனுஷ் அகர்வாலா மறு ஆண்டு பாரிஸில் ஒலிம்பிக் டிரெஸாஜில் இறங்கிய முதல் இந்தியரானார்.

கத்திரி வெயிலில் பயிற்சியை நிறுத்திவிட வேண்டுமா?
*– அலங்காநல்லூர் வாசகர்*

வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். விடியுமுன் சேணம் கட்டி, ஏழு மணிக்குள் இறக்கிவிடுங்கள். குதிரை நம்மைப்போல வியர்த்துத்தான் உடலைக் குளிர்விக்கிறது. ஆகவே தொட்டியில் எப்போதும் தண்ணீரும், எட்டும் இடத்தில் உப்புக்கட்டியும் இருக்க வேண்டும். கொள்ளைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க இயலாது என்பதால் வயிற்றுவலி அதற்கு உயிர்ப்பிரச்சினை. வயிற்றைத் திரும்பிப் பார்ப்பதும், படுத்துப் புரள்வதும், சாணி போடாமல் இருப்பதும் கண்டால் மருத்துவரை உடனே அழையுங்கள்.

ஒரு ஜட்கா வண்டிக் குதிரையை வாங்கிச் சவாரிக்குப் பழக்குகிறேன். பதினோரு வயது. இடப்பக்கம் நன்றாகத் திரும்புகிறது. வலப்பக்கம் திருப்பினால் தலையை மட்டும் திருப்பிக்கொண்டு நேராகவே போகிறது. எவ்வளவு இழுத்தாலும் கேட்பதில்லை.
*– ஒத்தக்கடை வாசகர்*

'எவ்வளவு இழுத்தாலும்' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இழுத்தால் தலை வரும், குதிரை வராது, திருப்பவேண்டியது தோளை.

முதலில் அரசு கால்நடை மருத்துவமனையில் கடைவாய்ப் பற்களைக் காட்டுங்கள். கூர்மையான பல்முனை கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தால் எந்தப் பயிற்சியும் பயன்படாது. பிறகு லாடம் அடிப்பவரிடம் முன்குளம்புகள் இரண்டும் ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பிறகு உங்களைப் பாருங்கள்: சேணத்தில் இருக்கும்போது பின்னாலிருந்து ஒருவரைப் படம் எடுக்கச் சொன்னால், உங்கள் இடுப்பு இடப்பக்கம் சரிந்திருப்பது தெரியவரலாம். நம்மில் வலக்கை, இடக்கைப் பழக்கம் இருப்பதுபோலக் குதிரைக்கும் ஒரு பக்கம் இலகுவாகவும் மறுபக்கம் விறைப்பாகவும் இருக்கும். உங்கள் குதிரையோ ஆண்டுக்கணக்கில் ஏர்க்கால்களுக்கு நடுவே, கண்பட்டை கட்டிக்கொண்டு, முன்னால் உள்ள சாலையை மட்டும் பார்த்து நடந்தது. உடலை வளைக்க அதற்கு அவசியமே வந்ததில்லை.

இதற்குக் கெரினியேர் செம்மைப்படுத்திய பயிற்சி ஒன்று இருக்கிறது. செவ்வியல் மரபிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் கற்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். ஒரு சுவரையோ வேலியையோ ஒட்டி, அது உங்களுக்கு இடப்பக்கம் இருக்கும்படி நடத்துங்கள். பின்கால்கள் சுவரோரத் தடத்திலேயே இருக்க, முன்தோள்களை மட்டும் ஒரு சாண் அளவு உள்ளே, அதாவது வலப்பக்கம் கொண்டுவாருங்கள். எதிரே நிற்பவருக்கு நான்கு கால்கள் மூன்று தடத்தில் வருவது தெரியும்: சுவரோரம் இடப் பின்கால், நடுவில், ஒன்றன்பின் ஒன்றாக இட முன்காலும் வலப் பின்காலும், உட்புறம் வல முன்கால். இப்படி நடக்கும் ஒவ்வோர் அடியிலும் வலப் பின்கால் வயிற்றுக்கு அடியில் குறுக்கே வந்து சுமையை வாங்கியாக வேண்டும். வலப்பக்கம் திரும்ப மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் காலின் சோம்பலோ பலவீனமோதான்.

சேணத்தில் ஏறும் முன் இதைத் தரையில் நின்றே பழக்குங்கள். காலையில் கண்மாய்க் கரை வேலியோரம் குதிரையின் வலத்தோள் அருகே நடந்து, கையில் உள்ள கோலின் நுனியால் அதன் விலாவைத் தொட்டுக் காட்டினால் போதும். மூன்றடி எடுத்தால் நிறுத்தித் தட்டிக்கொடுங்கள், பத்தடி எதிர்பார்க்காதீர்கள். சேணத்தில் ஏறியபின், வல வாரை இழுக்கும் பழக்கத்தை மறந்து, இட வாரைச் சற்றுத் தளரவிட்டுப் பாருங்கள். வலப்பக்கம் திரும்பத் தடையாக இருந்தது உங்கள் இடக்கைதான் என்பது பலமுறை அப்போதுதான் வெளிப்படும். ஒருநாள் குதிரை கழுத்தைத் தாழ்த்தி, மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டு, கடிவாளத்தை மென்றுகொண்டே வலப்பக்கம் நாலடி வளைந்து நடக்கும். ஐந்தாவது அடியைக் கேட்காமல் அந்த இடத்திலேயே இறங்கி, சேணவாரைத் தளர்த்தி, கையில் பிடித்து லாயத்துக்கு நடத்திச் செல்லுங்கள்.